பிணை நிற்போர் யார்?

ஜாமீன் கிடைத்துவிட்டது என்ற சொல் ஓர் ஏழைக் குடும்பத்தின் செவியில் விழும்போது, சிறைக்கதவு திறந்துவிட்டதென்றே அக்குடும்பம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அச்சொல்லுக்கும் அக்கதவுக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. நீதிபதி கையொப்பமிட்ட ஆணையில், இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன் என்று ஒரு வரி இருக்கும். அந்த இருவரும் சொத்துடையவர்களாக இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீதோ, நிலப் பட்டாவோ, சொத்து மதிப்புச் சான்றோ கொண்டுவர வேண்டும். இருவருள் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சில வேளைகளில் சேர்கிறது. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பது வேறு சில வேளைகளில். இவையெல்லாம் உள்ளவர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். இல்லாதவருக்கோ, ஆணை கோப்பில் உறங்குகிறது; அவர் சிறையில் உறங்குகிறார்.

ஜாமீன் என்பது அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம் ஊர்க் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்த சொல். அதற்கு நம் தமிழ்ச்சொல் பிணை. கட்டு என்பதே அதன் பொருள். ஒருவருடைய கட்டு அவிழ வேண்டுமாயின் வேறொருவர் தம்மைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் உண்மையை அச்சொல்லே சுமந்து நிற்கிறது. எனில், கட்டிக்கொள்ள ஒருவரும் இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்குத் தனியே ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று நாம் சொல்வோமாயின், அது இரக்கத்தினால் சொல்வதா, நீதியினால் சொல்வதா? இவ்வினா சட்டம் பயின்றோருக்கு மட்டும் உரியதன்று. ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்கேற்று, சிறையில் இருந்தவரைத் தேடிச் சென்றோரும் செல்லாதோரும் இரு பக்கமாகப் பிரிக்கப்படும் அந்த நற்செய்திப் பகுதியை ஆண்டுதோறும் கேட்கிற நமக்கும் உரியது.

1978ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மோதிராம் வழக்கு இவ்வகையில் நினைக்கத் தக்கது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்குப் பிணை வழங்கியிருந்தது. தொகையை முடிவு செய்யும் பொறுப்பு மட்டும் தலைமை நீதித்துறை நடுவரிடம் விடப்பட்டிருந்தது. நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரின் உடன்பிறந்தவர் முன்வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கின்றமையால் ஏற்க இயலாது என்று மறுக்கப்பட்டது. கொத்தனார் மீண்டும் தில்லியின் கதவைத் தட்ட நேர்ந்தது. நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்குமாறு ஆணையிட்டார். பிறருக்கு வீடு கட்டுகிறவரிடம் வீட்டு வரி ரசீது இல்லாமற் போவது நம் நாட்டின் பழைய கதை. அந்த ரசீது இல்லாமையே அவரைச் சிறையில் வைக்கப் போதுமான காரணமாகிவிட்டது என்பதுதான் இங்கே நாம் காணும் கொடுமை.

அத்தீர்ப்பு வந்து 45 ஆண்டுகள் கழிந்தபின், 2023 ஜனவரி 31 அன்று, அதே உச்ச நீதிமன்றம் அதே செய்தியை மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. பிணை கிடைத்தும் வெளிவர இயலாதவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் செய்த நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளி வேண்டும் என்ற பிடிவாதம் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று கண்டு, அத்தகைய நிபந்தனையை விதிக்காதிருக்கலாம் என்று கீழமை நீதிமன்றங்களுக்கு எடுத்துரைத்தது. ஆணை பிறந்து ஏழு நாள்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் நெறி வகுத்தது. ஒரு தலைமுறையைக் கடந்தும் ஒரே அறிவுரையை இருமுறை சொல்ல நேர்ந்ததென்றால், நோய் தாளில் மட்டும் இல்லை என்று நாம் ஐயுறுவது தவறாகாது.

அந்நோயின் வேர் ஓர் எண்ணத்தில் இருக்கிறது. சொத்துடையவர் ஓடமாட்டார், சொத்தற்றவர் ஓடிவிடுவார் என்பதே அவ்வெண்ணம். சற்று நின்று சிந்தித்தால் அது தலைகீழாகத் தோன்றும். கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் அயல்நாட்டில் வங்கிக் கணக்கும் யாரிடம் இருக்கின்றன? நாள்கூலியை விட்டால் மறுநாள் அடுப்பெரியாத மனிதர் எங்கே ஓடுவார்? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அரசமைப்பின் 14ஆம் பிரிவு உரைக்கிறது. ஆயின், மாடிவீட்டுக்காரரிடமும் நடைபாதைவாசியிடமும் ஒரே ரசீதைக் கேட்பது சமத்துவம் ஆகாது. சமம் அல்லாதவர்களை ஒரே அளவுகோலால் அளப்பதும் அநீதியே என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள்.

1979இல் பீகார்ச் சிறைகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்த வரலாற்றை நம் வாசகர்களில் மூத்தோர் அறிந்திருக்கக்கூடும். காவல்துறையில் உயர்பதவி வகித்த ருஸ்தம்ஜி அச்சிறைகளைப் பார்த்துவிட்டு நாளிதழில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி, ஹுசைனாரா காதூன் முதலிய கைதிகளுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் எத்தனை ஆண்டு தண்டனை கிடைத்திருக்குமோ, அதைவிட நீண்ட காலம் விசாரணையே இன்றி உள்ளே கிடந்தவர்கள் அங்கே இருந்தனர். இன்னும் துயரமானது ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்படாத பெண்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுள் சிலர் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், சிலர் சாட்சிகள். ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரால் அவர்கள் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்கள். வலுவற்றவரைக் காப்பதாகச் சொல்லும் ஓர் ஏற்பாடு, அவரைக் கேளாமலும் அவர் பக்கத்தில் ஒருவரை நிறுத்தாமலும் செய்யப்படுமானால், அதுவும் விலங்காகவே முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? நீதியரசர் பகவதி அவர்களின் அடுத்தடுத்த ஆணைகளால் பல்லாயிரம் பேர் வெளிவந்தனர். ஏழைக்கு அரசின் செலவில் வழக்கறிஞர் வைத்துத் தரப்படுவது சலுகையன்று, உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்ற கோட்பாடு அங்கே வேரூன்றியது. 1976இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவும், 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் அவ்வுரிமைக்கு உருவம் தந்தன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பைக் கருதாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம்.

ஆயினும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. நால்வரில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்போருக்கும் இல்லை. பிணைத் தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிக்காக அரசே அதைச் செலுத்தும் திட்டமும் 2023இல் வந்துள்ளது. சட்டத்தில் இடமில்லை என்று இனி எவரும் சொல்ல இயலாது. இருந்தும் கதவு தானாகத் திறப்பதில்லை. விண்ணப்பத்தை எழுதவும், மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கவும், இவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று நினைவூட்டவும் எவரேனும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

நினைவூட்ட ஒருவரும் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு அசாமில் ஒரு சான்று உண்டு. திவா பழங்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 1951இல் கைது செய்யப்பட்டு, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் நலமடைந்துவிட்டதாக மருத்துவர்கள் சான்றளித்தனர். அச்சான்று எங்கோ ஒரு கட்டில் அடங்கிப்போயிற்று. விசாரணை நடக்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் கவனம் இவ்வழக்கின்மேல் விழுந்தபின், 2005இல், 54 ஆண்டுகள் கழித்து அவர் விடுவிக்கப்பட்டார். தம் தாய்மொழியே அவருக்கு ஏறத்தாழ மறந்துவிட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்தும் போனார். அவர் விடுதலைக்காக நீதிமன்றம் கேட்ட சொந்தப் பிணைத் தொகை ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை 1951இலேயே கேட்டிருக்கக் கூடாதா என்ற எண்ணம் நம்மை விட்டு எளிதில் அகல்வதில்லை. அவரைத் துன்புறுத்தத் திட்டமிட்ட கொடியவர் எவரும் இக்கதையில் இல்லை. தத்தம் மேசையில் தத்தம் வேலையைச் செய்தவர்களே இருக்கிறார்கள்.

இனி, இரக்கமா நீதியா என்ற வினாவுக்கு வருவோம். நம் பங்குகளில் சிறைப்பணி பெரும்பாலும் இரக்கத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. 1981இல் கேரளத்தில் குருமாணவர்கள் தொடங்கிய சிறைப்பணி இன்று நாடெங்கும் பரவி நற்பணி ஆற்றுகிறது. ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிறன்று அதற்கெனக் காணிக்கை எடுக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவில் கேக்கும் போர்வையும் கொண்டுசெல்கிறோம். இவற்றை நாம் குறைத்துச் சொல்லவில்லை. போர்வையின் அருமை குளிரில் கிடப்பவருக்கே தெரியும். ஆயின், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏடு ஒரு கூரிய எச்சரிக்கை தருகிறது. நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பளிப்பு என்ற பெயரில் கொடுக்கலாகாது என்பது அதன் கருத்து. சட்டப்படி ஆறு மாதத்துக்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டிய ஒருவருக்கு உள்ளே கேக் கொடுக்கும்போது, நாம் அவருக்குக் கொடுப்பது எது, அவருக்குக் கொடுக்காமல் விட்டது எது? தருமம் பெறுகிறவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கடன் திரும்பப் பெறுகிறவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வலுவற்றவருக்குச் சட்டம் தரும் தனிப் பாதுகாப்பை நாம் இரண்டாம் வகையிலேயே சேர்க்கிறோம்.

கடன் அரசினுடையது, நாம் ஏன் கையொப்பமிட வேண்டும் என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குத் துணையாகத் திருவிவிலியமும் ஓரளவு நிற்கிறது! அயலாருக்காகப் பிணை நிற்பவர் தம் வார்த்தையாலேயே கண்ணியில் சிக்குகிறார் என்று நீதிமொழிகள் நூல் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறது. உலகம் அறிந்தவர்களின் அறிவுரை அது. எளிதாகத் தள்ளிவிட இயலாது. பிணையில் சென்றவர் வாய்தாவுக்கு வராவிடில், பிணையாளி தொகையைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் சொத்திலிருந்து வசூலிக்கப்படும். அதற்கும் வழியில்லையேல் ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையும் நேரலாம். இதை மறைத்துவிட்டுப் பிணை நில்லுங்கள் என்று போதிப்பது நேர்மையாகாது.

சீராக்கின் ஞானநூல் இவ்விடத்தில் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. நல்லவர் அடுத்திருப்பவருக்குப் பிணை நிற்பார் என்று தொடங்கி, பிணை நின்று வாழ்விழந்தோர் பலர் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, இயன்றவரை உதவு, நீயும் விழாதபடி பார்த்துக்கொள் என்று முடிக்கிறது. ஆபத்து உண்டு என்பதைக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாக அது ஆக்கவில்லை. அளவோடு செய்வதற்கான காரணமாக ஆக்குகிறது.

இனி யூதாவைப் பாருங்கள். பஞ்சகாலத்தில் பென்யமினை எகிப்துக்கு அழைத்துச் செல்லுமுன், தந்தை யாக்கோபிடம் தானே பிணை என்று உறுதி கூறியவர் அவர். அங்கே பென்யமினின் கோணியில் வெள்ளிக் கிண்ணம் கண்டெடுக்கப்படுகிறது. தம்பி திருடவில்லை என்பது கதையைப் படிக்கும் நமக்குத் தெரியும், யூதாவுக்குத் தெரியாது. அவர் பென்யமினைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை, குற்றமற்றவன் என்று வாதாடவும் இல்லை. அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், அவனைத் தந்தையிடம் அனுப்பிவிடும் என்கிறார். முன்னொரு நாள் யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னதும் இதே யூதாதான். அவருடைய குலத்தில் பிறந்தவரை எபிரேயர் திருமுகம் மேலான உடன்படிக்கையின் பிணையாளி என்று அழைப்பதைத் தற்செயலாக நாம் கருதவில்லை. புனித பேதுரு நொலாஸ்கோ 1218இல் பார்சலோனாவில் தொடங்கிய சபையின் துறவியர், சிறைப்பட்டோரை மீட்கத் தேவையானால் தாங்களே பிணையாக அங்கு இருந்துகொள்வோம் என்று நான்காம் வார்த்தைப்பாடு கொடுத்தது இம்மரபின் வழியில்தான்.

குற்றவாளியாக இருந்தால் என்ன செய்வது என்ற தயக்கத்துக்கும் யூதாவிடம் விடை இருக்கிறது. பிணையாளி நற்சான்று வழங்குகிறவர் அல்லர். குறித்த நாளில் இவர் நீதிமன்றத்துக்கு வருவார் என்பது ஒன்றே அவர் கொடுக்கும் வாக்கு. குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்க்க நீதிபதி இருக்கிறார்.

ஆயினும், இங்கே மற்றொரு வலுவற்றவரை மறந்துவிடலாகாது. குற்றம் சாட்டப்பட்டவர் வெளிவரும் நாளில் நடுங்குகிற ஒரு பெண்ணோ குழந்தையோ சில வழக்குகளில் இருப்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை உணர்ந்து எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தைக் காவலர் சீருடையின்றி, குழந்தையின் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படலாகாது. வழக்கறிஞர்களின் வினாக்கள் நீதிபதியின் வாய்வழியாகவே குழந்தையை அடைய வேண்டும். விசாரணை முடியுமட்டும் உடனிருக்க ஒரு துணை நபரை அமர்த்தவும் விதிகளில் இடமுண்டு. தூய ஆவியாரைத் துணையாளர் என்று அழைக்கும் நமக்கு அச்சொல் அந்நியமானதன்று. யோவான் நற்செய்தியின் கிரேக்கச் சொல்லே நீதிமன்றத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பவரைக் குறிப்பதுதான்.

நம் சமூகத்தில் நடப்பது என்ன? செல்வாக்குள்ள ஒருவர் இத்தகைய வழக்கில் கைதானால், அன்று மாலைக்குள் ஜாமீன் கையொப்பமிட வரிசை நிற்கிறது. அவர் சங்கத்தின் தலைவராகவோ பள்ளியின் பொறுப்பாளராகவோ திருநிலையினராகவோ இருந்தால் வரிசை இன்னும் நீள்கிறது. குழந்தையோ தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தனியே நீதிமன்றப் படியேறுகிறது. சில வேளைகளில் தாயிடமே சமாதானம் பேசுகிறார்கள். பாதிக்கப்பட்டோரோடும் அவர்தம் குடும்பத்தோடும் உடன்நடப்பது திருச்சபை அதிகாரிகளின் கடமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இலேயே சட்டமாக வகுத்தார். பிணை கேட்பவரில் எவர் வலுவற்றவர் என்று பார்த்துப் பக்கம் சேரவேண்டியதிருக்க, எவர் வேண்டியவர் என்று பார்த்துச் சேர்வது, நீதிமொழிகள் எச்சரித்த பிணையைக் காட்டிலும் ஆபத்தானது.

பிணை நிற்க மனிதர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே வாழ்ந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி அடிகளார், அங்கே சிறைகளில் வாடும் இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவரே கைதானார். அவருக்குப் பிணை நிற்க நாடெங்கும் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். குற்றச்சாட்டு மேற்பார்வைக்கு உண்மையெனத் தோன்றினாலே பிணை மறுக்கச் சொல்லும் அச்சட்டம், அவர்கள் எவரையும் கதவருகே வரவிடவில்லை. நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாத அம்முதியவர் அந்நவம்பரில் கேட்டது உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும். விடையளிக்கப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. தலோஜா சிறையில் அவரைக் குளிப்பாட்டவும் உண்ணச் செய்யவும் உடன் கைதிகள் உதவினர் என்று அவரே கடிதத்தில் எழுதினார். அவர்களும் அதே வழக்கில் அடைபட்டவர்களே. விசாரணை தொடங்குமுன், பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று 84ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் அவர் இறந்தார். இத்தகைய சட்டங்கள் மாற வேண்டும் என்று குடிமக்களாக நாம் கேட்பதும் பிணை நிற்பதன் ஒரு வகையே.

அன்பியங்களில் இதைப் பேசத் தொடங்குவோர்க்கு ஓரிரு செய்திகள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உண்டு; 15100 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் அப்பணியைச் செய்துவருகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருத்துவமனைக்குச் செல்வதுபோல் மாதம் ஒருமுறை அங்கே சென்று, பிணை கிடைத்தும் வெளிவராதவர் யாரேனும் உண்டா என்று கேட்டுவரலாம். இருக்கும் சொத்துக்கும் துணிவுக்கும் ஏற்ப, சீராக்கின் அளவோடு, ஒருவருக்கு நின்றாலும் போதும்.

பிணை நிற்பவர் தாம் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்ற விவரத்தை நீதிமன்றத்தில் எழுதித்தர வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. கூலிக்குப் பிணை நிற்போரைக் களைவதற்காக வைத்த விதி அது. கையொப்பத்தோடு வேலை முடிவதும் இல்லை. அடுத்த வாய்தா எந்நாள் என்று குறித்துவைக்க வேண்டும். கட்டடம் கட்டடமாக இடம் மாறும் தொழிலாளியை முதல்நாள் மாலை தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும். பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் இழந்து அவர் நீதிமன்றத்துக்கு வரும்போது, ‘வழக்கு ஒத்திவைப்பு’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்ப நேரிடும். அன்று அவரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.